ஊருணி வழக்கில் முதல் கேள்வி: வரத்துக்கால் எங்கே?

ஐப்பசி மழை ஒரு மணி நேரம் அடித்து ஓய்ந்தால் செட்டிநாட்டுத் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. நாலு வீதி தள்ளி, செம்புராங்கல் சுவர் எழுப்பிப் படித்துறை இறக்கிய ஊருணியில் கால் நனையவும் தண்ணீர் இல்லை. உடனே ஊர்க்காரர்கள் மனு எழுதுகிறார்கள்: "எங்கள் ஊருணியைத் தூர்வாரிக் காப்பாற்றித் தாருங்கள்." தூர்வாருகிறார்கள். அடுத்த ஐப்பசியிலும் ஊருணி காய்கிறது. ஊருணி இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. போனது அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த வரத்துக்கால்.

ஒரு தெருவின் பின்புறச் சுவர் ரெண்டடி நகர்ந்திருக்கும். ஒரு மனைப்பிரிவுக்குப் பாதை போட்டபோது குழாய் வைக்காமல் மண்ணைக் கொட்டியிருப்பார்கள். மேலே உள்ள கண்மாயின் கலுங்கிலிருந்து, அதாவது உபரி நீர் வெளியேறும் மதகிலிருந்து, வரும் ஓடை நடுவழியில் யாருடைய தோட்டத்துக்குள்ளோ முடிந்துபோயிருக்கும். ஆகவே மனு எழுதப் பேனாவை எடுப்பதற்கு முன், மழை பெய்யும்போது குடையோடு தண்ணீருக்கு எதிர்த்திசையில் நடந்து பாருங்கள். அது எங்கே தடுக்கி நின்று வேறு பக்கம் திரும்புகிறதோ, அந்த இடத்தின் புல எண்தான் உங்கள் வழக்கு.

புல எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டு ஆவணங்கள் வேண்டும்: ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகச் சொல்லும் 'அ' பதிவேட்டின் நகல், எஃப்எம்பி எனப்படும் புலப்படம். இரண்டையும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்கலாம். மனுவோடு வைக்கச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். 'அ' பதிவேட்டில் பரப்பளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு உதாரணம்: வாய்க்கால் புறம்போக்கு 0.07.20 என்று இருந்தால் 7.2 ஏர், அதாவது 720 சதுர மீட்டர், ஏறத்தாழ 18 சென்ட். புலப்படத்தில் வாய்க்கால் 3 மீட்டர் அகலம் என்றால் நீளம் 240 மீட்டர் வரவேண்டும். தரையில் டேப் பிடித்தால் 90 மீட்டரோடு முடிந்துவிடுகிறதா? மீதி 150 மீட்டரை அளந்து எல்லை காட்டுங்கள் என்பதுதான் மனுவின் முதல் வரி. "இயற்கையை அழிக்கிறார்கள்" என்று தொடங்கும் பத்துப் பக்க மனுவை விட இந்த ஒற்றை வரிக்கு வட்டாட்சியர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இப்போதைய புல எண்ணோடு நின்றுவிடாதீர்கள். இன்று நடப்பில் உள்ள எண்கள் பெரும்பாலும் 1979-க்கும் 1987-க்கும் இடையில் நடந்த யூடிஆர் எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில் வந்தவை. அதில் வாய்க்கால் பக்கத்துப் பட்டாவோடு சேர்ந்துபோன இடங்கள் உண்டு. பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பதிவேட்டையும் யூடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் கேட்டு வாங்கி ஒத்துப் பாருங்கள்.

செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இங்கே வரும். "இது எங்க ஐயா வெட்டின ஊருணி, எங்க குடும்பச் சொத்து" என்று ஒருவர் வந்து நிற்பார். வெட்டியது அவருடைய ஐயாவாகவே இருக்கலாம். அந்தத் தர்மத்தை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சிவகங்கை ஜமீனுக்குள் இருந்த ஊர் என்றால், 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 3(பி) பொது நிலங்கள், புறம்போக்குகள், நீர்நிலைகள் உட்பட எஸ்டேட் முழுவதையும் அரசின் கையில் சேர்த்தது. அதற்குப் பிறகு செட்டில்மென்ட் எனப்படும் உரிமை நிர்ணயத்தில் பட்டா கிடைத்ததா என்பதே கேள்வி. அந்தப் பட்டாவைக் காட்டச் சொல்லுங்கள். ராயவரம், கடியாபட்டி போன்ற ஊர்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தவை. அங்கே சமஸ்தானக் காலப் பதிவேடுகளிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு ஊருக்கு எழுதிய மனுவைப் பெயர் மாற்றி அடுத்த ஊருக்குக் கொடுப்பது இதனால்தான் கவிழ்கிறது.

எந்தச் சட்டம் என்பதிலும் தடுக்கி விழுகிறார்கள். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறை வசம் உள்ள பாசன ஏரிகளுக்கானது; அந்தப் பணி இன்று நீர்வளத் துறையில் இருக்கிறது. 40 ஹெக்டேருக்கும் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊருணி உள்ளாட்சியின் பராமரிப்பில் இருக்கும். ஊருணி, வரத்துக்கால் புறம்போக்குகளுக்கு நீங்கள் சொல்லவேண்டியது 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். அதன் 7-ஆம் பிரிவில் அறிவிப்பு, பிறகு 6-ஆம் பிரிவில் அகற்றும் ஆணை. 7-ஆம் பிரிவு அறிவிப்பை ஆக்கிரமிப்பாளரிடம் முறையாகச் சேர்க்காமல் நேரே ஜேசிபியோடு போனால், அவர் நீதிமன்றம் போய்த் தடை வாங்குவார், வாங்குவதும் நியாயம். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானபோது சுற்றியுள்ள பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் சில அதில் இணைந்தன. இல்லாத ஊராட்சிக்கு மனுப்போட்டு ஆறு மாதம் காத்திருக்காமல், இன்று பொறுப்பு யாரிடம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

பி மெமோ என்ற சொல்லை மனதில் வையுங்கள். புறம்போக்கில் ஆக்கிரமிப்பு இருந்தால் கிராம நிர்வாக அலுவலர் போடும் குறிப்பு அது. அதன்பேரில் அபராதமும் வசூலாகும். ஆக்கிரமிப்பாளர் இந்த ரசீதுகளையே அடுக்கிக் காட்டி, "இருபது வருஷமா அரசாங்கத்துக்குப் பணம் கட்டுறேன்" என்பார். அந்த ரசீது ஒவ்வொன்றும் இடம் அரசுடையது என்பதற்குச் சாட்சி. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும்கூட உரிமை தராது. நீண்ட காலம் இருந்தது, நிறையச் செலவு செய்து கட்டியது என்பவை ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்ததற்கு நியாயமாகா என்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 28.1.2011 அன்று சொன்னது ஒரு கிராமக் குளத்தைப் பற்றித்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும்போது "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். நகல் கேளுங்கள்: இந்தப் புல எண்ணில் போட்ட பி மெமோக்களின் நகல், 7-ஆம் பிரிவு அறிவிப்புகளின் நகல், கடைசியாக அளந்த நாளின் நில அளவர் அறிக்கை. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எதுவும் இல்லை என்று பதில் வந்தாலும் அது நல்ல ஆவணம். நடவடிக்கையே எடுக்கவில்லை என்று அலுவலகமே எழுதிக் கொடுத்ததாகிறது.

வரத்துக்கால் அடைபட்டு மழைக்காலம் நெருங்கிவிட்டால், பலரும் மறந்துபோகும் கதவு ஒன்று உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 133. பொதுமக்கள் பயன்படுத்தும் பாதையிலோ கால்வாயிலோ உள்ள தடையை அகற்றக் கோட்டாட்சியர் ஆணையிடலாம். காரைக்குடிப் பக்கத்துக்குத் தேவகோட்டைக் கோட்டாட்சியர். ஆனால் வாய்க்கால் பதிவேட்டில் இல்லாமல் பட்டா நிலத்தின் வழியாகக் காலங்காலமாக ஓடிவந்தது என்றால் புறம்போக்குச் சட்டம் உதவாது. அது சிவில் நீதிமன்ற வேலை. இத்தனை ஆண்டு தண்ணீர் இவ்வழியே வந்தது என்று சொல்ல வயதான சாட்சிகள் வேண்டும். அவர்கள் இருக்கும்போதே தொடங்குங்கள்.

படம் எடுப்பதில் கவனம். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசை பார்த்து, மழைக்கு முன்னும் பின்னும் எடுங்கள். சட்டகத்துக்குள் நகராத ஒன்று இருக்கட்டும்: கோயில் கோபுரம், மின்கம்பத்தின் எண், படித்துறையின் தூண். வாட்ஸப்பில் வந்து சேர்ந்த படம் நீதிமன்றத்தில் தடுமாறும். எடுத்த போனையே பத்திரப்படுத்துங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழ் இரு பகுதியாக இருக்கிறது, ஒன்றில் போனை வைத்திருப்பவரும் இன்னொன்றில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று புல எண்ணோடு தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள். பிறகு அந்த நகலோடு ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனுக் கொடுத்து எண் பெறுங்கள். அதையே தபாலிலும் ஒப்புகையோடு அனுப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அங்கே பொதுநல மனுப்போட்டால் பெரும்பாலும் வரும் முதல் உத்தரவு, மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்பது. இதைத் தோல்வி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கெடு முடிந்தும் அசையவில்லை என்றால் அவமதிப்பு மனுப்போட ஓராண்டுதான் உண்டு. கெடு முடியும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். ஆக்கிரமிப்பாளர்களைப் பெயரோடு எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் வாங்கிய உத்தரவு, அவர்கள் வந்து "எங்களைக் கேட்கவில்லை" என்றதும் ஆட்டம் காணும். மனுதாரருக்கே பக்கத்து நிலத்தில் தகராறு இருந்தால் அவர் ஒதுங்கி, வேறொருவர் முன்னிற்கட்டும்.

கழிவுநீர் கலப்பது வேறு வழக்கு. அதற்குச் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் வழக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். "இருபது ஆண்டுகளாகக் கழிவுநீர் கலக்கிறது" என்று கோபத்தில் எழுதும் முதல் வரியே மனுவைக் காலாவதியாக்கிவிடும். ஊருணியைப் பழைய நிலைக்கு மீட்டுத் தரக் கேட்பதானால் 15-ஆம் பிரிவு, அதற்கு 5 ஆண்டு. நீங்களே பாட்டிலில் மொண்டு தனியார் ஆய்வகத்தில் கொடுத்த தண்ணீர் அறிக்கை, விசாரிக்கச் சொல்லத் தூண்டுகோலாகும்; சாட்சியாக நிற்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முறைப்படி எடுத்த மாதிரிதான். எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கண்மாயில் அடையும் பறவைகளுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தீர்ப்பாயச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள ஏழு சட்டங்களில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சரணாலயமாக அறிவிக்காத கண்மாய்களிலும் அதே நாரைகள் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. மர ஏலமும் அதே மாதங்களில் வந்துவிடுகிறது. வனவுயிர்ச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு, முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் பொருள். வனவுயிர்ச் சட்ட அட்டவணையில் உள்ள பறவை கூட்டில் இருக்கும்போது மரம் வெட்டுவதை நிறுத்த இந்த வரையறையைச் சொல்லி வனச்சரகருக்கும் ஏலம் விடும் அலுவலகத்துக்கும் ஏலத்துக்கு முன்பே எழுதுங்கள். ஏலம் முடிந்து ஒப்பந்ததாரர் பணம் கட்டிய பிறகு எழுதினால் பேச்சு நஷ்டஈட்டுக்குப் போய்விடும்.

யாரோ விஷம் வைத்துக் கொன்ற மயில் கிடந்தால் கையால் தொடாதீர்கள், குழி தோண்டிப் புதைக்காதீர்கள். செத்த வனவிலங்கும் அரசுச் சொத்து. எடுத்து வைத்தவரே குற்றவாளி ஆகலாம். பக்கத்தில் சிதறிய தானியத்தோடு படம் எடுத்து, நாயும் காக்கையும் தின்னாமல் காவல் நின்று, வனத்துறையை அழையுங்கள். அவர்கள் முன்னிலையில் கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு செய்து உள்ளுறுப்புகளை ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் விஷம் என்பது நிரூபணமாகும். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. துறை அசையாவிட்டால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நீங்களே குற்றவியல் நடுவரிடம் புகார் செய்யலாம்.

நாய்க்கோ மாட்டுக்கோ விஷம் வைத்தால் நேராகப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். 5 ஆண்டு வரை சிறை. காவல்துறை தானே எஃப்ஐஆர் போடவேண்டிய குற்றம். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவை மட்டும் எழுதினால், முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். பெரும்பாலான உட்பிரிவுகளில் நடுவரின் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்கவும் முடியாது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். எஃப்ஐஆர் மறுத்தால் புகாரைத் தபாலில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள், அங்கும் இல்லையென்றால் நடுவரிடம் போங்கள். 1960 சட்டத்தில் வழக்குத் தொடரக் குற்றம் நடந்த நாளிலிருந்து 3 மாதம்தான். சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு "கூப்பிடுவார்கள்" என்று காத்திருக்கும்போதே அந்த மூன்று மாதம் கழிந்துவிடுகிறது.