ஸ்ட்ரெஸ்: மன அழுத்தமா, நெருக்கீடா?

மியான்மரின் யாங்கோனில் நம்மவர்களுக்காகத் தமிழில் அச்சிடப்படும் உடல்நலத் துண்டறிக்கைகளில், ‘மன அழுத்தம் ஆண்மையைக் குறைக்கும், பெண்ணை மலடாக்கும்’ என்னும் வாக்கியம் மறுபடி மறுபடி வருகிறது. ஸ்ட்ரெஸ் என்று இருந்த இடத்தில் பெயர்த்தவர் கைக்கு எட்டிய சொல்லைப் போட்டுவிட்டார். அந்த ஒரு சொல்லால் வாக்கியம் முழுவதும் பொய்யாகிவிடுகிறது என்பதே என் வழக்கு.

ஸ்ட்ரெஸ் என்பதன் வேர், இறுக்குதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையான ஸ்ட்ரிங்கெரே. பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இடரையும் நெருக்கடியையும் குறித்து, பின்னர் பொறியியலில் புகுந்தது. நம் இயற்பியல் பாடநூல்களில் தகைவு என்று இருப்பது அதுதான். மருத்துவத்தில் அதை நிலைநாட்டியவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலியே. குளிர், காயம், மட்டுமீறிய உழைப்பு, மருந்தின் நச்சு என எதற்கு ஆளாக்கினாலும் எலிகளின் உடல் ஒரே வகையாக எதிர்வினை காட்டுவதையும், சிறுநீரகத்தின் மேல் அமைந்த அவற்றின் அட்ரீனல் சுரப்பி பருத்து இரைப்பையில் புண் தோன்றுவதையும் அவர் 1936இல் எழுதினார்.

குளிரில் விடப்பட்ட எலிக்கு மன அழுத்தம் வந்தது என்று தமிழ் அறிந்த எவரும் சொல்லமாட்டார். என் முதல் மறுப்பு அந்த ‘மன’ என்னும் அடைமொழியின் மீதுதான். கவலையானாலும் பசியானாலும் தூக்கமின்மையானாலும், நீடித்தால் உடலுக்குள் நடப்பது பெரும்பாலும் ஒன்றே: அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் உயர்கிறது, மூளையின் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி விட்டுவிட்டு அனுப்ப வேண்டிய தூண்டுதல் தளர்கிறது, அதன் கீழுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து பெண்ணின் சினைப்பைக்கும் ஆணின் விந்தகத்துக்கும் செல்லும் ஹார்மோன்கள் குறைகின்றன. முட்டை வெளிப்படுவது தள்ளிப்போகிறது, சிலருக்கு மாதவிலக்கே நின்றுவிடுகிறது. ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் குறையலாம். அரை வயிறு உண்டு நாள் முழுவதும் வயலில் குனிந்து நிற்கிறவளுக்கு மாதவிலக்கு நின்றால், அவள் மனத்தில் ஒரு குறையும் இல்லாதிருக்கலாம். அவளிடம் போய் மன அழுத்தம் என்று சொல்வது, பசியைக் கண்டுகொள்ளாமல் அவள் மீதே பழியைப் போடுவதாகும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. தமிழ்நாட்டு ஏடுகளும் தொலைக்காட்சியும் ஸ்ட்ரெஸ்ஸையும் மன அழுத்தம் என்கின்றன, டிப்ரஷன் என்னும் நோயையும் மன அழுத்தம் என்கின்றன. இந்த மண்ணின் மொழி அப்படிக் குழப்பவில்லை. பர்மியர் முன்னதைச் செய்ப்பிஸீமு என்பர், மனத்தை அழுத்தி நெருக்குவது என்று பொருள். பின்னதைச் செய்ச்சா யோகா என்பர், மனம் விழுந்துபோகும் நோய். (பாலியிலிருந்து வந்த ரோகம் பர்மிய நாவில் யோகா ஆயிற்று.) பர்மியரும் ‘மனம்’ என்று சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்பதை மறைக்கவில்லை; ஆனால் இரண்டுக்கும் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்னும் நல்ல சொல் நம்மிடமும் இருக்க, நாம் ஏன் இரண்டையும் ஒரே பையில் போடுகிறோம்?

விளைவை நான் நேரில் கண்டேன். மாதவிலக்குத் தவறிய மருமகளை அழைத்துவந்திருந்த ஒரு மாமியாரிடம், மருத்துவர் செய்ப்பிஸீமு என்றதை உடனிருந்த இளைஞர் ‘மன அழுத்தம்’ என்று பெயர்த்தார். அந்த அம்மாள் உடனே, “அப்படின்னா இவளுக்குப் புத்தி சரியில்லையா தம்பி? கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்குமோ?” என்று கேட்டார். மருமகள் தலையை நிமிர்த்தவில்லை. மருத்துவர் பேசியது தூக்கத்தையும் உணவையும் வேலை நேரத்தையும் பற்றி. வீட்டுக்குப் போனது பைத்தியம் என்னும் பட்டம்.

இலங்கைத் தமிழ் உளமருத்துவர்கள் ஆளும் நெருக்கீடு என்னும் சொல்லையே நான் பரிந்துரைக்கிறேன். ஒதுக்கு ஒதுக்கீடு ஆனதுபோல, குறுக்கு குறுக்கீடு ஆனதுபோல, நெருக்கு நெருக்கீடு ஆயிற்று. இலத்தீன் வேரின் இறுக்கமும் இதில் உண்டு. வெளியிலிருந்து ஒன்று நெருக்குகிறது, உள்ளே ஒன்று ஈடுகொடுக்கிறது என்னும் இரு பக்கமும் உண்டு. உடல் நெருக்கீடு, மன நெருக்கீடு, வேலை நெருக்கீடு என்று வேண்டிய அடைமொழியைச் சேர்த்துக்கொள்ளலாம். அழுத்தம் என்பதற்கோ இரத்த அழுத்தத்தின் நிழலும், மனத்தில் உள்ளதை வெளியிடாத ‘அழுத்தமான ஆள்’ என்னும் பேச்சுவழக்கின் நிழலும் விலகுவதே இல்லை. பழக்கமில்லாத சொல் என்பார்கள். ஒதுக்கீடும் ஒரு காலத்தில் பழக்கமில்லாததாகத்தான் இருந்திருக்கும்.

பெயர்ப்பாளர்கள் மீது இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. ஆண்மைக் குறைவு என்று ஒரே சொல்லில் அவர்கள் அடக்குவது மூன்று வேறு நிலைகளை: வேட்கைக் குறைவு, விறைப்புக் குறைபாடு, விந்தணுக் குறைவு. விறைப்பு உடல் அமைதியாய் இருக்கையில் இயங்கும் நரம்புகளின் வேலை. பதற்றத்தில் பெருகும் அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அது அந்த வேளையிலேயே தளர்கிறது. விந்தணுவோ உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டரை மாதம் எடுக்கும். ஒன்று நிமிடக் கணக்கு, மற்றொன்று மாதக் கணக்கு. இரண்டையும் ஆண்மை என்று சொன்னால், கேட்கிற ஆண் மருத்துவரிடமே போகமாட்டான்.

மலடு என்பதை அறவே விட்டுவிட வேண்டும். தடுப்பு எதுவுமின்றி 12 மாதம் கூடியும் கருத்தரிக்காத நிலையையே உலக நலவாழ்வு நிறுவனம் குழந்தைப்பேறின்மை என்று வரையறுக்கிறது. அது இருவரில் எவரிடமும் இருக்கலாம். கருத்தரிப்புச் சிகிச்சைக்கு முன் பெண்களுக்கு இருந்த மனவேதனையையும் ஒரு சிகிச்சைச் சுற்றின் பலனையும் ஒப்பிட்ட 14 ஆய்வுகளைத் தொகுத்து, 2011இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த கட்டுரையோ, அந்த வேதனைக்கும் கரு தங்காமைக்கும் தொடர்பு காணவில்லை. ‘நீ கவலைப்பட்டதால்தான் தங்கவில்லை’ என்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல நமக்கு உரிமையில்லை.

துண்டறிக்கையின் அடுத்த பதிப்பில் அந்த வாக்கியம் இப்படி இருக்கட்டும்: ‘நீடித்த நெருக்கீடு ஆணுக்கு வேட்கையையும் விறைப்பையும் தளர்த்தலாம், பெண்ணுக்கு மாதவிலக்கின் ஒழுங்கைக் கெடுக்கலாம், மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.’