தற்செயல் மாதிரியா, குலுக்கல் மாதிரியா?

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து சமூகவியல் ஆய்வேடுகளில் முறையியல் அத்தியாயத்தைப் புரட்டினால் ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: “தற்செயல் மாதிரி முறையில் 60 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.” ஊர் முழுவதையும் கேட்க முடியாதபோது, யார் விருப்பமும் நுழையாமல் சிலரை மட்டும் தேர்ந்தெடுக்கும் ராண்டம் சாம்பிளிங் என்பதற்குத்தான் இந்தத் தமிழ். எழுத்துப்பிழை என்றால் திருத்திவிட்டுப் போகலாம். இங்கே பொருளே தலைகீழாகிவிடுகிறது.

வேகம், பாய்ச்சல் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது ராண்டம். ஆங்கிலப் பேச்சில் அது ‘கண்டபடி’ என்றாகி, பிறகு புள்ளியியலுக்குள் போய் வேறு பொருள் பெற்றது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பேச்சுப் பொருளோடு நின்றுவிட்டார்கள்.

தற்செயல் என்றால் தன் + செயல். யாரும் ஏற்பாடு செய்யாமல் தானாக நேர்வது. மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் பழைய சிநேகிதரைப் பார்ப்பது தற்செயல். ராண்டம் தேர்வில் எதுவும் தானாக நேர்வதில்லை. முதலில் முழுப் பட்டியல் வேண்டும். ஒரு குப்பத்தில் 480 வீடுகள் என்றால் 480-க்கும் எண் போட வேண்டும். ஒரே அளவில் சீட்டு வெட்டி, ஒரே மாதிரி மடித்து, நன்றாகக் குலுக்கி, 60 எடுக்க வேண்டும். சீட்டில் வந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வரக்கூடாது. வேறு நேரத்தில், வேறு நாளில் மறுபடி போக வேண்டும்.

காலை பதினொரு மணிக்குக் கடலூர்க் கரையோர மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்தில் இறங்கி, எதிர்ப்பட்ட 60 பேரைக் கேட்பதுதான் தற்செயல். அந்த நேரத்தில் மீன் விற்கப் போன பெண்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். கடலிலிருந்து திரும்பியவர்களில் பலர் தூக்கத்தில் இருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் போனால் விசைப்படகுத் தொழிலாளிகள் ஊரில் நிறையக் கிடைப்பார்கள். மற்ற மாதங்களில் அப்படி இல்லை. இப்படி எடுப்பதற்கு ஆங்கிலத்தில் ஆக்சிடென்டல் சாம்பிளிங் என்று தனிப்பெயரே இருக்கிறது. தற்செயல் மாதிரி என்ற தமிழ் அதற்குத்தான் உரியது. அதை ராண்டமுக்குக் கொடுத்துவிட்டால், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு முறைகளும் மாணவர் கையில் ஒரே பெயரில் போய்ச் சேர்கின்றன. பட்டியலே போடாதவரும் கூசாமல் அந்த வரியை எழுதிவிடுகிறார்.

ராண்டமுக்குப் பாடநூல்களில் உள்ள ‘சமவாய்ப்பு’ எவ்வளவோ மேல். ஆனாலும் முழுக்கப் பொருந்தவில்லை. அந்த 480 வீடுகளில் பெண்களே தலைமை ஏற்று நடத்தும் வீடுகள் 30 என்று வைத்துக்கொள்வோம். பொத்தாம்பொதுவாக எடுத்தால் அவற்றில் நாலைந்துதான் அகப்படும். அதனால் அவற்றைத் தனியே பிரித்து 15, மீதி 450-இல் 45 என்று எடுப்பார்கள். முன்னதில் இரண்டுக்கு ஒன்று, பின்னதில் பத்துக்கு ஒன்று. வாய்ப்பு சமமாக இல்லை, ஆனால் இதுவும் ராண்டம் தேர்வுதான். ஊர் முழுமைக்கும் கணக்குப் போடும்போது முதல் குழுவை 2-ஆலும் அடுத்ததை 10-ஆலும் பெருக்கிக்கொண்டால் சரியாகிவிடும். சமவாய்ப்பு என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்ட மாணவர் இந்தப் பெருக்கலை விட்டுவிடுகிறார்.

ஈழத்து நூல்களில் வழங்கும் ‘எழுமாற்று’ நல்ல சொல், குழப்பமும் தராது. ஆனால் நம் பக்கத்தில் அதை விளக்க இன்னொரு சொல் தேட வேண்டும். குலுக்கல் என்றால் சீட்டுப் பிடிப்பவர் யாருக்கும் உடனே விளங்கும். பெரிய ஊருக்குக் கூடுதல் சீட்டுப் போட்டாலும் குலுக்கல் குலுக்கல்தான். எட்டாவது வீடு, பதினாறாவது வீடு என்று வரிசையாகப் போகும் முறையிலும், 1 முதல் 8 வரை எந்த எண்ணில் தொடங்குவது என்பதைக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். (வரிசைக்கு எட்டு வீடாகக் கட்டிய குடியிருப்பில் இந்த முறை ஆபத்து, அத்தனையும் மூலை வீடாகவே வந்து விழலாம்.)

ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையாக, பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இந்தக் குலுக்கலை 921-லேயே சொல்கிறது. 30 குடும்புகள் (ஊரின் பகுதிகள்), 35 முதல் 70 வயது என்ற வரம்பு, பெயர் எழுதிய ஓலைகள், குடம், உள்ளிருப்பது அறியாமல் எடுக்கும் சிறுவன். யார் பெயர் உள்ளே போகலாம் என்ற வரம்பும், குழுவாகப் பிரிப்பதும், எடுப்பவர் விருப்பம் நுழையாத ஏற்பாடும் அதிலேயே இருக்கின்றன. சரியாகக் குலுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 1969 டிசம்பர் 1 அன்று படைக்கு ஆள் எடுக்க 366 பிறந்தநாள்களைக் குப்பிகளில் போட்டு எடுத்தார்கள். கலக்கியது போதாமல், ஆண்டுக் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக முன்னால் வந்து விழுந்தார்கள்.

ஆகவே ஆய்வேட்டில் எழுத வேண்டிய வரி: “480 வீடுகளின் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 60 வீடுகள் எடுக்கப்பட்டன.” பட்டியல் எங்கே கிடைத்தது, எந்த மாதத்துப் பட்டியல், அதில் விடுபட்டவர்கள் யார் என்று அடுத்த வரியில் சேர்க்க வேண்டும். பட்டியல் இல்லாமல் கிடைத்தவர்களைக் கேட்டிருந்தால், தற்செயல் மாதிரி என்றே எழுதலாம்.