ஐ.என்.ஆர்: வால்வு மாற்றியவர் கொப்பியில் ஏறும் இலக்கம்

கொழும்பிலோ கண்டியிலோ இதயத்துக்குச் செயற்கை வால்வு போட்டுக்கொண்டு திருகோணமலைக்குத் திரும்புபவரின் கிளினிக் கொப்பியில் ஓர் இலக்கம் தவறாமல் ஏறும்: 2.4, 3.1, 1.7. அதுதான் ஐ.என்.ஆர், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் கணக்கு. சீனி, பிரஷர் போல இதுவும் குறைந்தால் நல்லது என்று சில வீடுகளில் நினைக்கிறார்கள். இங்கே குறைவதும் ஆபத்து.

இயந்திர வால்வின் இதழ்கள் பெரும்பாலும் ஒருவகைக் காபனால் ஆனவை. என்னதான் வழுவழுப்பாக இருந்தாலும் இரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். ஓட்டம் மந்தமாகும் மூட்டு இடுக்கில் இரத்தக்கட்டி உருவாகலாம். அது வால்வை இறுக்கிப் பிடிக்கும், அல்லது பிய்ந்து மூளைக்குப் போய்ப் பாரிசவாதத்தில் விடும். அதனால்தான் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் குளிசை வாழ்நாள் முழுவதும். ஈரல் விற்றமின் கே-யைக் கொண்டு செய்யும் 2, 7, 9, 10 ஆம் உறைதல் காரணிகளை இந்தக் குளிசை குறைக்கிறது.

எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எப்படி அறிவது? சிட்ரேட் உள்ள குழாயில் இரத்தம் எடுப்பார்கள். சிட்ரேட் கல்சியத்தைப் பிடித்துவைப்பதால் இரத்தம் உறையாது. பிறகு பிளாஸ்மாவைப் பிரித்து, உறைதலைத் தொடக்கிவைக்கும் திரொம்போபிளாஸ்டினும் கல்சியமும் சேர்த்து, உறையும்வரை நொடிகளை எண்ணுவார்கள். மருந்து எடுக்காதவருக்குச் சுமார் 11 முதல் 13 நொடி. ஆர்மண்ட் குயிக் 1935இல் கொண்டுவந்த முறை இது. ஆனால் திரொம்போபிளாஸ்டின் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், நொடியும் மாறும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1983இல் உலக சுகாதார அமைப்பு அந்த வேறுபாட்டைச் சரிசெய்யும் ஐ.என்.ஆர் கணக்கை ஏற்றது. இதனால் கண்டியில் எடுத்த 2.5ஐயும் திருகோணமலையில் எடுத்த 2.5ஐயும் ஒப்பிடலாம். சாதாரண ஆளுக்கு இது 1க்குக் கிட்ட. பெருநாடி வால்வு மாற்றியவருக்குப் பொதுவாக 2 முதல் 3, மைத்திரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5.

சத்திரசிகிச்சை முடிந்த முதல் வாரத்தில் இந்த இலக்கம் ஏமாற்றும். 7ஆம் காரணி சுமார் 6 மணித்தியாலத்தில் பாதியாகும். 2ஆம் காரணிக்கு இரண்டரை நாளாவது வேண்டும். ஆகவே இரண்டு, மூன்று நாளில் ஐ.என்.ஆர் ஏறிவிடும், உண்மையான பாதுகாப்பு இன்னும் வந்திருக்காது. "இலக்கம் வந்திட்டுதே, ஏன் இன்னும் ஹெப்பரின் ஊசி?" என்று, உடனே வேலைசெய்யும் அந்த உறைதல் தடுப்பு ஊசியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இரத்தக்கட்டி கரையும்போது வரும் துணுக்குகளை அளக்கும் டி-டைமர் பரிசோதனை பார்த்தால் தெரியாதா என்றும் கேட்பார்கள். பெரிய வெட்டுக்குப் பிறகு அது எவருக்கும் உயர்ந்தே இருக்கும். அந்த நாட்களில் அதை வைத்து இரத்தக்கட்டி இருக்கிறது என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு விளையாடுவது சாப்பாடு. முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல் எல்லாவற்றிலும் விற்றமின் கே நிறைய. அதற்காகக் கீரையை வெறுக்கத் தேவையில்லை, வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் சரி. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடந்தால் ஐ.என்.ஆர் ஏறலாம், விரதத்துக்கு முன்னரே கிளினிக்கில் சொல்லிவிடுவது நல்லது. சில அன்டிபயோட்டிக்கும் அப்படித்தான் ஏற்றிவிடும்.

உடம்பு நோவுக்கு பார்மசியில் வாங்கும் டைக்ளோபெனாக் வேறு கதை. அது இரத்தத் தட்டுக்களையும் இரைப்பைச் சுவரையும் பாதிக்கும். இந்தப் பரிசோதனை இரண்டையும் பார்ப்பதில்லை. கொப்பியில் 2.5 என்று அழகாக இருக்கும்போதே வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். மலம் கறுப்பாகப் போனால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.