அண்டர் 17-ன்னா 17 முடிஞ்சவன் ஆடலாமா? ஜூனியர் போட்டிகளோட வயசு வரம்பு விதி

முதல் தடவை பசங்களுக்கு ஒரு போட்டி நடத்துனப்ப நோட்டீஸ்ல பெருசா "அண்டர் 17"னு மட்டும் போட்டேன், அதுக்கு மேல என்ன சொல்லணும்னு நினைச்சேன். என்ட்ரி ஆரம்பிச்ச அன்னைக்கே போன் மேல போன், "சார் பையனுக்கு போன மாசம்தான் 17 முடிஞ்சது, ஆடலாமா"ன்னு ஒருத்தர், "போட்டி அன்னைக்கு வயசா இல்ல பேர் கொடுக்குற அன்னைக்கு வயசா"ன்னு இன்னொருத்தர். நான் ஆளுக்கு ஒரு பதில் சொல்லி மாட்டிக்கிட்டேன்.

விஷயம் என்னன்னா "அண்டர் 17"ங்கிறது விதியே இல்ல, அது வெறும் பேரு. விதிங்கிறது ஒரு தேதி. ஃபிஃபாவோட 2023 அண்டர் 17 உலகக்கோப்பையில 1.1.2006 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க ஆடலாம், அதாவது அந்த வருஷம் ஏற்கனவே 17 முடிஞ்ச பையனும் ஆடலாம். தடகளத்துல அண்டர் 18-ன்னா அந்த வருஷம் டிசம்பர் 31 அன்னைக்கு 16 இல்லன்னா 17 வயசா இருக்கணும். கணக்கு போட்டுப் பாருங்க, 2006-ல பிறந்த பையன் 2023-ல ஃபுட்பால்ல அண்டர் 17, ஓட்டத்துல அண்டர் 18, ஒரே பையன்தான்! அண்டர் 19 கிரிக்கெட் உலகக்கோப்பையில இந்த ஜனவரி-டிசம்பர் கணக்கே கிடையாது, செப்டம்பர் 1-தான் கட்-ஆஃப். அதனால நோட்டீஸ்ல "இந்தத் தேதியிலயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க மட்டும்"னு நாள், மாசம், வருஷம் போட்டு ஒரு வரி எழுதிடுங்க, பாதி போன் நின்னுடும்.

அடுத்தது சான்றிதழ். பிறப்புச் சான்றிதழ்ல எல்லாரும் பிறந்த தேதியை மட்டும் பாப்பாங்க, நீங்க பதிவு பண்ண தேதியையும் பாருங்க. பிறந்த சில நாள்ல பதிவானதுன்னா பெருசா யோசிக்க வேண்டாம், பத்து வருஷம் கழிச்சு பதிவானதுன்னா யாரோ வாயில சொன்ன தேதியைத்தான் எழுதியிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அதுக்காக லேட்டா பதிவு பண்ணவங்க எல்லாம் ஃப்ராடுன்னு முடிவு பண்ணிடாதீங்க, பொறந்த உடனே பதிவு பண்றது குழந்தையோட உரிமைன்னு 1989-ல ஐநா ஏத்துக்கிட்ட குழந்தை உரிமை உடன்படிக்கையில 7-வது பிரிவுலயே இருக்கு, ஆனா ஏழை வீட்டுப் பிள்ளைங்களுக்கு அது பல இடத்துல இன்னும் நடக்கல, தப்பு அந்தப் பிள்ளையோடது இல்ல. அப்படி வந்தா முதல் தடவை பள்ளியில சேர்த்தப்ப எழுதுன ரெக்கார்டு கேளுங்க, அப்ப யாரும் கப்பை நினைச்சு தேதி சொல்லியிருக்க மாட்டாங்க.

ஜெராக்ஸை மட்டும் வாங்கிட்டு விட்டுடாதீங்க, ஒரிஜினலையும் பார்த்துட்டு கையோட திருப்பிக் கொடுங்க. எனக்கு வந்த ஒரு ஜெராக்ஸ்ல எல்லா எண்ணும் மெல்லிசா இருக்கு, வருஷத்தோட கடைசி எண் மட்டும் கொஞ்சம் தடிமனா, சுத்தி லேசா சாம்பல் நிழல், வொயிட்னர் தடவி மேல எழுதி ஜெராக்ஸ் எடுத்தா அப்படித்தான் விழும். ஒரிஜினல் எங்கன்னு கேட்டேன், கோச் "நாளைக்கு"ன்னார், அந்த நாளை இன்னைக்கு வரைக்கும் வரல.

மெடிக்கல் டெஸ்ட் வைக்கலாமேன்னு சிலர் கேப்பாங்க. ஃபிஃபா 2009-ல நைஜீரியாவுல நடந்த அண்டர் 17 உலகக்கோப்பையில இருந்து மணிக்கட்டு எம்ஆர்ஐ எடுக்குது, அங்க இருக்குற எலும்போட வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளமா வளர்ற இடம்) முழுசா மூடியிருந்தா பையன் 17 தாண்டியிருக்கத்தான் வாய்ப்பு ரொம்ப அதிகம். ஆனா மூடலன்னா 17-க்கு கீழன்னு அர்த்தம் இல்ல, அதைவிட பெரியவனுக்கும் திறந்தே இருக்கலாம். பொண்ணுங்களுக்கு எலும்பு வளர்ச்சி சீக்கிரமே முடிஞ்சுடும், அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நம்ம சைஸ் போட்டிக்கு இதெல்லாம் தேவையே இல்லைங்கிறது என் கருத்து, மீசை இருக்குன்னு சந்தேகப்படுறது அதைவிட மோசம், 13 வயசுலயே மீசை வர்ற பசங்க இருக்காங்க.

புகார் விதிதான் எல்லாரும் மறக்குறது. யார் புகார் கொடுக்கலாம், எத்தனை மணி நேரத்துக்குள்ள, எழுத்துலயா வாயிலயா, முடிவெடுக்குறது யாரு, இந்த நாலும் முதல் மேட்ச்சுக்கு முன்னாடி எல்லா டீமுக்கும் போய்ச் சேரணும். முடிவெடுக்குற மூணு பேர்ல ஒருத்தர் பிள்ளைகூட அந்தப் போட்டியில ஆடக்கூடாது. ஃபைனல்ல தோத்ததுக்கு அப்புறம்தான் "அவன் ஓவர் ஏஜ்"னு கத்துவாங்க, செமிஃபைனல் வரைக்கும் யாரு கண்ணுக்கும் தெரியாது!

தண்டனையை எழுதும்போது கொஞ்சம் நிதானமா எழுதுங்க. 2001-ல அமெரிக்காவுல லிட்டில் லீக் பேஸ்பால் உலகத் தொடர்ல டேனி அல்மான்டேன்னு ஒரு பையன் எதிரணியில ஒருத்தனைக்கூட பேஸ் ஏற விடாம ஒரு முழு மேட்ச் பந்து போட்டான், அப்புறம் பார்த்தா 12 வயசுக்காரங்க ஆடுற போட்டியில அவனுக்கு 14. டீமோட வெற்றி மொத்தமும் ரத்தாச்சு, அவன் அப்பாவுக்கும் டீமை நடத்துனவருக்கும் தடை விழுந்துச்சு, பையன் மேல பெருசா யாரும் பழி போடல. அதுதான் சரியான முறைன்னு நினைக்கிறேன், சான்றிதழை மாத்துறது பெரியவங்க, பையன் சொன்ன இடத்துல நின்னு ஆடுறான். டீமுக்கு பாயிண்ட் போகட்டும், கோச்சுக்குத் தடை போடுங்க, பையனை மைக்ல பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க.

வயசுல ஒரு பொய்யும் இல்லாம நடத்துனாலும் ஒண்ணு மிச்சம் இருக்கும். கட்-ஆஃப் ஜனவரி 1-ன்னா ஜனவரியில பிறந்தவனும் டிசம்பர்ல பிறந்தவனும் ஒரே பிரிவு, நடுவுல கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி. 1985-லயே கனடாவுல ஐஸ் ஹாக்கி ஆடுறவங்களோட பிறந்த மாசத்தை எடுத்துப் பார்த்திருக்காங்க, வருஷத்தோட முதல் மூணு மாசத்துல பிறந்தவங்கதான் அள்ளிக்கிட்டு இருந்தாங்க. இதுக்கு விதியில தீர்வு இல்ல, ரெண்டு வருஷத்துக்கு ஒரு பிரிவுன்னு வைக்காம வருஷத்துக்கு ஒண்ணா பிரிக்க டீம் இருந்தா பிரிச்சுடுங்க.

அப்புறம் சான்றிதழ் காப்பியை வாட்ஸ்அப் குரூப்ல போடச் சொல்லாதீங்க. அதுல அட்ரஸ், அப்பா அம்மா பேரு எல்லாம் இருக்கு, குரூப்ல முன்னூறு பேர் இருக்காங்க. ஒருத்தர்கிட்ட மட்டும் வாங்கி வைங்க, புகார் டைம் முடிஞ்சதும் கிழிச்சுடுங்க.