பீரோவில் தூங்கும் அட்டை

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பீரோவுக்குள் இருக்கும் பட்டுப்புடவையும் பூஞ்சணம் பூத்துவிடும். மழை விட்ட ஒரு நாளில் துணிகளை உதறியபோது, நாப்தலின் உருண்டைகளோடு ஒரு கிரெடிட் கார்டும் விழுந்தது. பத்து மாதத்துக்கு முன் கீசர் வாங்கத் தேய்த்ததோடு சரி. வெட்டிப்போடக் கத்தரிக்கோலை எடுத்தேன். பிறகு கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நம் வீட்டு பீரோவில் தூங்கும் அட்டை, கடன் தகவல் பீரோக்களில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. நாம் வாங்கிய கடன்களைப் பதிந்துவைத்து மதிப்பெண் போடும் இந்த வேலையை, சிபில் உட்பட நான்கு நிறுவனங்கள் இந்தியாவில் செய்கின்றன. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை. தவணை தவறாமை முதலில் பார்க்கப்படும். அடுத்து முக்கியமானது, கிடைத்த கடன் வரம்பில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறோம் என்ற விகிதம்.

நான் வழக்கமாகத் தேய்க்கும் அட்டையின் வரம்பு 60,000 ரூபாய். தேயிலைக்கு உரம் வாங்கும் மாதத்தில் 30,000 வரை போய்விடும். அது மட்டும் இருந்தால் விகிதம் 50 சதவீதம். கடன் கொடுப்பவர் கண்ணுக்கு நான் பணத்துக்குத் திண்டாடும் ஆள். தூங்கும் அட்டையின் வரம்பு 1,40,000. இரண்டையும் சேர்த்தால் இரண்டு லட்சத்தில் 30,000, அதாவது 15 சதவீதம். செலவு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை; வகுக்கும் எண்தான் பெரிதாகியிருக்கிறது. 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள். அது சட்டமல்ல, அனுபவக் கணக்கு.

ஆனால் தூக்கம் நீண்டால் ஆபத்து. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதியின்படி, ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத அட்டையை மூடும் வேலையை வங்கி தொடங்க வேண்டும். தகவல் அனுப்பி 30 நாளில் பதில் வராவிட்டால், பாக்கி இல்லாத கணக்கு மூடப்படும். அப்போது என் விகிதம் ஒரே நாளில் 50க்குத் தாவும். இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது எனக்கு.

ஆண்டுக்கட்டணம் உள்ள அட்டை என்றால் கதை வேறு. குன்னூரில் வீடு மாறிய என் தம்பிக்கு 500 ரூபாய் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியுமாக 590 ரூபாய்க்கு பில் வந்தது. வந்தது பழைய முகவரிக்கு. கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால் பாக்கிதாரர் என்று பீரோவுக்குத் தெரிவிக்கலாம். 590 ரூபாய்க்காக அவன் பெயர் கெட்டது. அப்படிப்பட்ட அட்டையை மூடிவிடுவதே மேல். வீட்டுக் கடன் கேட்கப் போகும் மாதத்தில் மட்டும் வேண்டாம்.

மூடுவதற்குக் கத்தரிக்கோல் உதவாது. அது தேயிலைச் செடியைக் கவாத்து செய்வது போல. மேலே வெட்டினாலும் வேர் அப்படியே இருக்கும். வங்கியிடம் கேட்டுத்தான் கணக்கை மூட வேண்டும். பாக்கி இல்லையென்றால் ஏழு வேலை நாளில் அவர்கள் மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்கு அபராதம் தர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையில் அது மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

என் அட்டைக்கு ஆண்டுக்கட்டணம் இல்லை. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணத்தை அதில் கட்டிவிட்டு, பில் வந்ததும் தீர்த்துவிடுகிறேன். அட்டை மட்டும் பழையபடி நாப்தலின் உருண்டைகளுக்கு நடுவேதான்.