நேராகக் கிடப்பதெல்லாம் நீளமான சங்கிலி அல்ல

இந்த முறை திருத்திய விடைத்தாள் கட்டிலும் '2-எதைல்பியூற்றேன்' வந்திருக்கிறது. கல்லடிப் பிள்ளையும் அதைத்தான் எழுதுகிறது, களுவாஞ்சிகுடியில் இருந்து பஸ் ஏறி வரும் பிள்ளையும் அதைத்தான் எழுதுகிறது. உயர்தர இரசாயனவியல் படிப்பிக்கிற எனக்கு அதைக் கண்டாலே இப்போது எரிச்சல்தான். காபனும் ஐதரசனும் ஒற்றைப் பிணைப்புகளால் மட்டும் சேர்ந்த சேர்வைதான் அற்கேன். அப்படியொரு அற்கேன் பெயர் கிடையாது, பிள்ளைகளே!

வினாத்தாளில் தரும் மூலக்கூறின் படத்தில் நான்கு காபன் இடமிருந்து வலமாக நேராக இருக்கும். இரண்டாவது காபனில் இருந்து இரண்டு காபன் கீழே தொங்கும். பெயருக்கு அடிப்படையான பிரதான சங்கிலி மிக நீளமானதாக இருக்க வேண்டும். நீங்களோ உடனே நான்கைப் பிரதான சங்கிலி (பியூற்றேன்) என்று எடுத்து, தொங்கும் இரண்டு காபனை எதைல் என்ற கிளை ஆக்கிவிடுகிறீர்கள். தொங்குகிற நுனியில் இருந்து எண்ணிப் பாருங்கள். கீழே ஒன்று, இரண்டு. மேலே ஏறினால் மூன்று. வலப்பக்கம் திரும்பினால் நான்கு, ஐந்து. ஐந்து காபன், ஆகவே பென்ரேன். இடப்பக்கத்தில் மிஞ்சிய ஒற்றைக் காபன்தான் கிளை, அதாவது மெதைல். அது நிற்பது மூன்றாவது காபனில். பெயர் 3-மெதைல்பென்ரேன்.

"சேர், அது வளைஞ்சு போகுதே" என்பார்கள். போகட்டுமே! கல்முனையில் ஏறிய அம்பாறை பஸ் காரைதீவுச் சந்தியில் திரும்புகிறது. அதற்காக இறங்கி வேறு பஸ்ஸா பிடிக்கிறீர்கள்? ஒற்றைப் பிணைப்பு சுழலும். தாளில் நேராகக் கீறியது கீறியவரின் வசதி, மூலக்கூறின் குணம் அல்ல. பரீட்சைத் தாளில் வேண்டுமென்றே வளைத்துத்தான் கீறுவார்கள்.

இந்தப் பிழை பெயரோடு நிற்பதும் இல்லை. ஆறு காபன் அற்கேனுக்குச் சமபகுதியங்கள் (ஒரே சூத்திரம், வேறு வேறு கட்டமைப்பு) எத்தனை என்று கேட்டால், 3-மெதைல்பென்ரேனையே இரண்டு விதமாகக் கீறிவிட்டு ஆறு என்கிறார்கள். இருப்பது ஐந்துதான்.

அடுத்தது, கொப்பிக்குக் கொப்பி பரவியிருக்கும் 'கிளைகள் நிற்கும் இடங்களைக் காட்டும் இலக்கங்களின் கூட்டுத்தொகை குறைய வேண்டும்' என்ற விதி. யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது. பத்துக் காபன் சங்கிலியான டெக்கேனில் மூன்று மெதைல்கள். ஒரு பக்கமிருந்து எண்ணினால் 2,7,8. மறுபக்கமிருந்து 3,4,9. கூட்டினால் முதலாவது 17, மற்றது 16. ஆனாலும் சரியான விடை 2,7,8-ட்ரைமெதைல்டெக்கேன். இரண்டு தொகுதியும் முதலில் எங்கே வேறுபடுகிறதோ அங்கே சிறிய இலக்கம் வருவதுதான் வெல்லும். கூட்டல் கழித்தல் எல்லாம் கணித பாடத்துக்கு வைத்திருங்கள்.

பெற்றோல் செட்டில் 92, 95 என்று போட்டிருப்பது ஒக்ரேன் எண், பெற்றோல் எஞ்சினில் தட்டல் இல்லாமல் எரியும் தன்மையின் அளவு. அதன் அளவுகோலில் 0 நேர்சங்கிலி எப்ரேன், 100 ஐசோஒக்ரேன். அந்த ஐசோஒக்ரேனின் முறையான பெயர் 2,2,4-ட்ரைமெதைல்பென்ரேன். மறுபக்கமிருந்து எண்ணினால் 2,4,4 வரும், அது பிழை. ஒரே காபனில் இரண்டு மெதைல் இருந்தால் இலக்கத்தை இரண்டு தரம் எழுத வேண்டும். 2,4-ட்ரைமெதைல் என்று எழுதினால் மூன்றாவது மெதைலை நான் எங்கே தேடுவது?

காற்புள்ளி இலக்கங்களுக்கு இடையில், சிறுகோடு இலக்கத்துக்கும் எழுத்துக்கும் இடையில். கிளைகளை ஆங்கில எழுத்து வரிசையில் எழுதுங்கள். எதைல் முன்னே, மெதைல் பின்னே. இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை காட்டும் டை, ட்ரை அந்த வரிசைக் கணக்கில் வராது. சம நீளத்தில் இரண்டு சங்கிலி கிடைத்தால் கிளை கூடிய சங்கிலியை எடுங்கள்.

எழுதி முடித்தபின் தயவுசெய்து அரை நிமிடம் செலவழியுங்கள். பெயரிலுள்ள காபன்களைக் கூட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. 2-எதைல்பியூற்றேனும் கூட்டினால் ஆறுதான். கிளை நிற்கும் இடத்தையும் பாருங்கள். அற்கேன் பெயரில் 1-மெதைல் வந்தால் பிழை. 2-எதைல் வந்தால் பிழை. 3-புரோப்பைல் (மூன்று காபன் கிளை) வந்தாலும் பிழை. மூன்றிலும் நீளமான சங்கிலி உங்கள் கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம். வெட்டிவிட்டு, ஒவ்வொரு நுனியிலிருந்தும் விரல் வைத்துத் திரும்ப எண்ணுங்கள்.