கடற்கொள்ளை: கப்பல் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை

சோமாலியக் கடற்கொள்ளை அடங்கிவிட்டது என்று கருதி, இந்தியப் பெருங்கடலின் ‘அதிக அபாயப் பகுதி’ என்ற வரையறையைக் கப்பல் தொழில் அமைப்புகள் 2023 ஜனவரி 1 அன்று நீக்கின. அதே ஆண்டு டிசம்பரில் ‘ருவென்’ சரக்குக் கப்பல் கடத்தப்பட்டது. மூன்று மாதம் கழித்து ஐ.என்.எஸ். கொல்கத்தா அதை மடக்கி 17 பணியாளர்களை மீட்டது. பிடிபட்ட 35 கொள்ளையரும் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

கடற்படைகளைக் குறை சொல்ல இடமில்லை. 2008 முதல் பல நாட்டுப் போர்க்கப்பல்கள் ஏடன் வளைகுடாவில் சுற்றிவருகின்றன; 2022 வரை ஐ.நா. பாதுகாப்பு மன்றத் தீர்மானங்களின் பலமும் அவற்றுக்கு இருந்தது. ஆனால் கொள்ளையரின் படகு கண்ணில் பட்டு, ஏணியை மாட்டி அவர்கள் மேலேறக் கால் மணி நேரம் போதும். போர்க்கப்பல் அதற்குள் வந்து சேருமா?

அதனால்தான் மேல்தள ஓரமெங்கும் முள்கம்பிச் சுருள், பீய்ச்சத் தயாராகத் தீயணைப்புக் குழாய்கள், காவலுக்கு ஆள் நிற்பதுபோல் பழந்துணி அடைத்த பாய்லர் சூட் (முழுநீள வேலை உடை) பொம்மைகள். இவற்றையும் மீறி ஏறிவிட்டால் எல்லோரும் ‘சிடாடல்’ என்னும் உட்பூட்டுப் புகலிடத்துக்குள் போய்விட வேண்டும். ஒரே ஒருவர் வெளியே சிக்கினாலும் கமாண்டோக்கள் கப்பலில் ஏற யோசிப்பார்கள். பயிற்சி மணி அடித்ததும் செல்போனை எடுக்க அறைக்கு ஓடும் இளைஞர்களைத் திட்டித் திட்டியே என் தொண்டை வறண்டிருக்கிறது.

பிடிபட்டபின் நம் கதி பெரும்பாலும் முதலாளியின் கையில். 2010 மார்ச்சில் கடத்தப்பட்ட ‘ஐஸ்பெர்க் 1’ கப்பலின் உரிமையாளர் கைகழுவிவிட்டார். சோமாலியாவின் பன்ட்லாண்ட் பகுதிப் படையினர் சண்டையிட்டு மீட்டது 2012 டிசம்பரில். ‘அஸ்பால்ட் வென்ச்சர்’ கதை இன்னும் கொடுமை: 2011-இல் பிணைத்தொகை கொடுத்தும், இந்தியச் சிறையிலிருக்கும் தங்கள் ஆட்களை விடச் சொல்லி, ஏழு இந்தியர்களைக் கொள்ளையர் பிடித்துவைத்துக்கொண்டனர். அவர்கள் விடுபட்டது 2014 அக்டோபரில்.

இன்று சட்டம் கொஞ்சம் துணைக்கு வருகிறது. கொள்ளையர் பிடியில் இருக்கும் காலம் முழுதும் ஒப்பந்தமும் சம்பளமும் தொடர வேண்டும் என்ற விதி, பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2020 டிசம்பர் 26 முதல் நடப்பில் உள்ளது. கப்பலின் கொடிநாடு, அதாவது கப்பல் பதிவான நாடு, அதை ஏற்றிருக்கிறதா என்று கேளுங்கள். முகவரிடம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். (கப்பலுக்கு ஆள் எடுத்து அமர்த்தும்) உரிமம் இருக்கிறதா என்று குடும்பத்தாரும் விசாரிக்கலாம். இப்படிக் கேட்டதற்கே முகம் சுளிக்கும் முகவரிடமிருந்து விலகிவிடுவது மேல்.

உரிமையாளர் கைவிட்டால் ஊர் திரும்பும் செலவுக்கும் நான்கு மாதம் வரையிலான சம்பளப் பாக்கிக்கும் பொறுப்பேற்கும் காப்புறுதிச் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். ஏறிய அன்றே அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஒரு படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.